வைரம் பாய்ந்த மரத்தை விறகாக்க: வலுவான செயின்சாவைத் தேர்ந்தெடுக்கும் முழுமையான வழிகாட்டி

மென்மரத்தில் மளமளவென்று இறங்கிய செயின்சா, வைரம் பாய்ந்த கட்டையில் வைத்ததும் திணறுகிறது. எஞ்சின் சத்தம் தாழ்கிறது, சங்கிலி நிற்கப் பார்க்கிறது, அறுப்பவர் தன் உடல் எடையைப் போட்டு அழுத்தத் தொடங்குகிறார். பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் இன்னும் பெரிய மெஷின் வேண்டும் என்று முடிவெடுக்கிறார்கள். முடிவு சரியாகவே இருக்கலாம். ஆனால் பெரியது என்று எதைச் சொல்கிறோம்? எஞ்சினையா, பாரின் (சங்கிலி சுற்றி ஓடும் நீளத் தகட்டின்) நீளத்தையா, பெட்டியில் அச்சிட்ட எண்ணையா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடின மரத்துக்கு வேண்டியது, பார் முழுவதும் மரத்துக்குள் புதைந்திருக்கும்போதும் சங்கிலியின் வேகத்தை விழவிடாத எஞ்சின். அந்த எஞ்சினில் நடுத்தர நீளமுள்ள பாரையும், கருக்கு நீடிக்கும் சங்கிலியையும் மாட்டினால் வேலை நடக்கும். கீழே சொல்வதெல்லாம் இந்த மூன்றையும் ஒன்றோடொன்று பொருத்தும் வழிதான்.

முதல் படி: இருக்கும் மெஷினைச் சோதியுங்கள்

புதிது வாங்குமுன், இப்போதைய மெஷின் சக்தி போதாமல்தான் திணறுகிறதா என்பதை உறுதிசெய்யுங்கள். சங்கிலி மழுங்கியிருந்தால் 70 சிசி எஞ்சினும் தோற்றுப்போகும். அப்படிப்பட்டவர் பெரிய மெஷின் வாங்கினாலும், அடுத்த வாரமே அதே திணறலை இன்னும் கனமான ஒன்றைத் தூக்கிக்கொண்டு அனுபவிப்பார்.

அறுக்கும்போது கீழே விழுவதைக் கையில் எடுத்துப் பாருங்கள். கூரான சங்கிலி மரத்தைச் செதுக்கி, விரலால் பிடிக்கக்கூடிய சீவல்களாகத் தள்ளும். நுண்ணிய தூளாக மட்டும் கொட்டினால், பற்கள் வெட்டவில்லை, தேய்க்கின்றன என்று பொருள். அடுத்து எஞ்சினை நிறுத்திவிட்டு, கையுறையோடு சங்கிலியை வெளிச்சத்தில் திருப்பி ஒரு வெட்டுப் பல்லின் விளிம்பை உற்றுப் பாருங்கள். கூரான விளிம்பில் ஒளி படிய இடமே இருக்காது. மழுங்கிய விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று மின்னும், முக்கியமாக மேல்தட்டும் பக்கத்தட்டும் சேரும் மூலையில். அந்தக் கோடு மறையும்வரை உருண்டை அரத்தால் உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் தீட்ட வேண்டும். எந்தப் பல் அதிகம் தேய்ந்திருக்கிறதோ, அதன் நீளத்துக்கு மற்றப் பற்களையும் கொண்டுவர வேண்டும். ஒரு பக்கப் பற்கள் மட்டும் குட்டையாகவோ மழுங்கியோ இருந்தால் வெட்டு நேராக இறங்காமல் ஒரு பக்கமாக வளைந்துபோகும்.

பல்லுக்கு முன்னால் ஒரு சிறு மேடு இருக்கும். ரேக்கர் என்று சொல்வார்கள். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பல்லைத் தீட்டத் தீட்ட அதன் உயரம் குறையும், ரேக்கரோ அப்படியே நிற்கும். பல முறை தீட்டியும் ரேக்கரைத் தொடாதவரின் சங்கிலி, கூராக இருந்தும் மரத்தைக் கடிக்காது. பெரும்பாலான சங்கிலிகளுக்குப் பல் நுனியிலிருந்து ரேக்கர் ஏறத்தாழ 0.65 மில்லிமீட்டர் தாழ்வாக இருக்க வேண்டும். தட்டை அரமும் அளவுத்தகடும் வைத்து இதைச் சரிசெய்யலாம். வேகம் கிடைக்கும் என்று அதற்கும் கீழே ராவிவிடாதீர்கள். கடின மரத்தில் பல் அளவுக்கு மீறிக் கடித்து, எஞ்சின் அடைக்கும். பார் திடீரென்று அறுப்பவரை நோக்கி மேலெழும் எதிர் உதையும் கூடும்.

ஏர் ஃபில்டர், சைலன்சரின் தீப்பொறி வலை, பாரின் பள்ளம் ஆகியவற்றையும் சுத்தம் செய்யுங்கள். கரி படிந்த வலை ஒன்றே எஞ்சினின் மூச்சை அடைத்துவிடும். இவ்வளவும் செய்த பின், நீங்கள் வழக்கமாக அறுக்கும் பருமனில் ஒரு கட்டையை எடுத்து, முழு வேகத்தில், மெஷினின் சொந்த எடையால் மட்டும் இறங்கவிடுங்கள். சங்கிலி தீட்டியிருந்தும் வேகம் தெளிவாக விழுந்தால், சற்றே சாய்த்ததும் சங்கிலி நின்றால், உங்களுக்கு வேண்டியது கூடுதல் சக்திதான். மேலே படியுங்கள்.

இரண்டாம் படி: மரத்தை அறிந்துகொள்ளுங்கள்

மரத்தின் கடினத்தை ஒப்பிட ஜான்கா என்ற அளவு உண்டு. 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டை அதன் பாதி அளவுக்கு மரத்தில் அழுத்தி இறக்க எவ்வளவு விசை தேவை என்பதே கணக்கு. கிழக்கத்திய வெள்ளைப் பைனுக்கு 380 பவுண்டு விசை போதும். சிவப்பு ஓக்குக்கு 1,290, ஹிக்கரிக்கு 1,820. இந்த எண்களும் அறுக்கத் தேவையான சக்தியும் நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. இருந்தாலும், பைனில் பழகிய கைக்கு ஹிக்கரி ஏன் வேறு உலகமாகத் தெரிகிறது என்பதை அவை காட்டிவிடுகின்றன.

ஈரம் இன்னொரு கணக்கு. மரத்தின் ஈரப்பதம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது இழைகள் இறுகத் தொடங்குகின்றன. காயக் காய மரம் கெட்டிப்படுகிறது. விறகாக எரிக்க ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். ஆகவே பச்சையாக இருக்கும்போதே துண்டுபோட்டு, பிளந்து அடுக்கி, பிறகு காயவிடுவதுதான் எஞ்சினுக்கும் சங்கிலிக்கும் நல்லது. ஆண்டுக்கணக்கில் காய்ந்து கிடக்கும் அடிமரங்களும் பழைய உத்தரங்களும்தான் உங்கள் வேலை என்றால், அடுத்து வரும் சக்திக் கணக்கில் ஒரு படி மேலே போங்கள்.

மண்ணும் மணலும் ஒட்டிய பட்டை, கணுக்கள், கிளை பிரியும் கவட்டை எல்லாம் பல்லைத் தின்னும். தேக்கு போன்ற சில மரங்களில் இயல்பாகவே சிலிக்கா இருப்பதால் சுத்தமான கட்டைகூடக் கருக்கை வேகமாக மழுக்கும்.

இப்போது டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். நீங்கள் அறுக்கும் கட்டைகளில் பெரும்பான்மையின் விட்டம் என்ன, எப்போதாவது வரும் மிகப் பெரியதன் விட்டம் என்ன என்று இரண்டையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். முதல் எண்ணுக்குத்தான் மெஷின் வாங்க வேண்டும். இரண்டாவதை இரு பக்கமிருந்தும் அறுத்துச் சமாளிக்கலாம்.

மூன்றாம் படி: சிசியைத் தாண்டிக் கிலோவாட்டைப் பாருங்கள்

எல்லாரும் முதலில் கேட்பது எத்தனை சிசி என்பதைத்தான். சிசி என்பது சிலிண்டரின் கொள்ளளவு மட்டுமே. அந்தக் கொள்ளளவிலிருந்து எவ்வளவு சக்தி வெளியே வருகிறது என்பதைக் கிலோவாட் சொல்லும். ஸ்டில் நிறுவனத்தின் எம்எஸ் 271, எம்எஸ் 261 மாடல்கள் இரண்டுமே 50.2 சிசிதான். முதலாவது 2.6 கிலோவாட் தருகிறது, பாரும் சங்கிலியும் இல்லாமல் 5.6 கிலோ எடை. இரண்டாவது 3.0 கிலோவாட் தருகிறது, எடை 4.9 கிலோ. ஹஸ்க்வர்னா 455 ராஞ்சர் 55.5 சிசியிலிருந்து தருவது 2.6 கிலோவாட். ஆக 50 சிசி மெஷின் ஒன்று 55 சிசி மெஷினை மிஞ்சுகிறது, எடையும் குறைவு.

காரணம் தயாரிப்பு வகுப்பு. வீட்டு, பண்ணை உபயோகத்துக்கானவை ஒரு வகை. நாள் முழுதும் காட்டில் உழைப்பவர்களுக்கானவை இன்னொரு வகை. பின்னதில் கிராங்க் அறையை மக்னீசியத்தில் வார்த்திருப்பார்கள், அதே கொள்ளளவிலிருந்து கூடுதல் சக்தி வரும்படி எஞ்சினை வடிவமைத்திருப்பார்கள், பழுதுபார்ப்பதும் எளிது. விலை கூடுதல்தான். ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் விறகு போடுபவருக்குப் பண்ணை வகையே போதும். வாரந்தோறும் கடின மரத்தோடு மல்லுக்கட்டுபவருக்குத் தொழில் வகை என்பதுதான் என் பரிந்துரை.

கடின மரத்துக்கான என் மதிப்பீடு இது. 25 சென்டிமீட்டர் பருமன்வரை 2 கிலோவாட் சமாளிக்கும். 30 முதல் 40 சென்டிமீட்டர் வழக்கம் என்றால் 50 முதல் 55 சிசிக்குள் 2.6 முதல் 3 கிலோவாட் பாருங்கள். 40 முதல் 50 சென்டிமீட்டர் கட்டைகள் அடிக்கடி வருமென்றால் 60 சிசியை ஒட்டி 3.5 கிலோவாட். அதற்கும் மேலே 70 சிசி வகுப்பு, 4 முதல் 4.5 கிலோவாட்வரை. எடுத்துக்காட்டாக எம்எஸ் 462 மாடல் 72.2 சிசியில் 4.4 கிலோவாட் தருகிறது. 90 சிசி மெஷின்கள் ராட்சத மரங்களை வீழ்த்தவும் பலகை அறுக்கவும் உரியவை. விறகு வேலைக்கு அவற்றைத் தூக்கித் திரிவது வீண் சுமை. சிறிய மெஷினிலிருந்து மேலே போகிற பெரும்பாலோருக்கு 60 சிசி வகுப்புதான் பொருந்தும் இடம் என்பது என் எண்ணம். திணறாது, தோளையும் முறிக்காது.

உயரமான மலைப்பகுதியில் வேலை செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காற்று மெலிவதால் ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் எஞ்சின் தன் சக்தியில் சுமார் 3 சதவீதம் இழக்கும். தானாகவே எரிபொருள் கலவையைத் திருத்திக்கொள்ளும் கார்புரேட்டர் இந்த இழப்பை மீட்டுத்தராது. ஏற்றத்துக்கு ஏற்பக் கலவையைக் கையால் மாற்றும் வேலையை மட்டும் மிச்சப்படுத்தும்.

நான்காம் படி: பாரின் நீளம்

நீளமான பார் என்றால் வலுவான மெஷின் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் எஞ்சினுக்குச் சுமை தருவது மரத்துக்குள் ஒரே நேரத்தில் எத்தனை பற்கள் வெட்டிக்கொண்டிருக்கின்றன என்பதுதான். வழக்கமான 3/8 அங்குலச் சங்கிலியில் 38 மில்லிமீட்டருக்கு ஒரு வெட்டுப் பல் வருகிறது. 40 சென்டிமீட்டர் கட்டையில் ஏறத்தாழ 10 பற்கள் ஒன்றாக வெட்டும். 60 சென்டிமீட்டரில் 15, 16. எஞ்சினின் சக்தி இத்தனை பற்களுக்கும் பங்கிடப்படுகிறது. நீளப் பார் மாட்டியதும் பெரிய கட்டையில் முழுதாக இறக்கத் தோன்றும். அங்கேதான் சிறிய எஞ்சின் மண்டியிடுகிறது.

சிறிய கட்டையை நீளப் பாரால் அறுத்தால் வெட்டும் பற்கள் கூடுவதில்லை. ஆனால் உராய்வு கூடும், முன்பக்கம் கனக்கும், முனைவரை எண்ணெய் போய்ச்சேர வேண்டும், தீட்ட வேண்டிய பற்களும் அதிகம். அதனால் வழக்கமான கட்டையின் விட்டத்தைவிட 5 சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தால் போதும். 50 சிசிக்கு 40 முதல் 45 சென்டிமீட்டர், 60 சிசிக்கு 45 முதல் 50, 70 சிசிக்கு 50 முதல் 60 என்பது கடின மரத்துக்கு நிதானமான பொருத்தம். தயாரிப்பாளர் இந்த எஞ்சினில் மாட்டலாம் என்று சொல்லும் அதிகபட்ச நீளம் வேறு, கடின மரத்தில் திணறாமல் ஓடும் நீளம் வேறு.

ஐந்தாம் படி: சங்கிலி

இந்தப் பகுதியைப் பலர் கடைசி நிமிடத்தில் கடைக்காரரிடம் விட்டுவிடுகிறார்கள். வெட்டும் வேலை முழுவதையும் செய்வது சங்கிலிதான் என்பதால் இதில் அவசரம் கூடாது.

இன்று நாம் பயன்படுத்தும் சங்கிலிப் பல்லின் வடிவம் ஒரு புழுவிடமிருந்து வந்தது. 1946-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழிலில் இருந்த ஜோசப் காக்ஸ், வண்டுப் புழு ஒன்று தன் தாடைகளை இடதும் வலதுமாக அசைத்து மரத்தைத் தின்று முன்னேறுவதைக் கவனித்தார். அதுவரை சங்கிலிப் பற்கள் கைரம்பத்தின் பற்களையே பின்பற்றி இருந்தன. புழுவைப் பார்த்து அவர் வடிவமைத்த இட வலப் பற்கள்தான், சிற்சில மாற்றங்களோடு, இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அந்தப் பல்லின் மூலையில் இரண்டு வகை உண்டு. செங்கோணமாகக் கூர்ந்த மூலை உள்ளது ஃபுல் சிசல். மூலை சற்றே வளைந்தது செமி சிசல். சுத்தமான பச்சை மரத்தில் ஃபுல் சிசல் வேகமாக வெட்டும். ஆனால் அந்தக் கூர் மூலை போனதும் வெட்டே போய்விடும். காய்ந்த கடின மரத்திலும் மண் ஒட்டிய பட்டையிலும் செமி சிசலின் கருக்கு நெடுநேரம் நிற்கும், தீட்டுவதும் எளிது. விறகுக்குச் செமி சிசலையே வாங்குங்கள். முதல் வெட்டில் சற்று மெதுவாகத் தெரிந்தாலும் மாலைக்குள் அறுத்து முடித்த குவியலில் அதுவே முந்தும்.

பிட்ச் என்பது சங்கிலிக் கண்ணிகளின் இடைவெளி அளவு. அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளின் மொத்த நீளத்தில் பாதி. 50 சிசி மெஷின்களில் 0.325 அங்குலமும் 3/8 அங்குலமும் இரண்டும் ஓடும். 60 சிசிக்கு மேல் 3/8 என்றே வைத்துக்கொள்ளலாம். பெயர் ஒன்றாக இருந்தாலும், சிறிய மெஷின்களில் வரும் தாழ்வான 3/8 சங்கிலி வேறு வகை. பழைய மெஷினின் சங்கிலியைப் புதியதில் மாட்டலாம் என்று எண்ண வேண்டாம். பாரின் பள்ளத்துக்குள் ஓடும் கண்ணியின் தடிமன் 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டர் என்று மாறும். சங்கிலி, பாரின் முனைச் சக்கரம், எஞ்சின் பக்க ஸ்ப்ராக்கெட் (சங்கிலியை இழுக்கும் பற்சக்கரம்) மூன்றும் ஒரே பிட்சில் இருக்க வேண்டும். தடிமன் பள்ளத்துக்குப் பொருந்த வேண்டும். மாற்றுச் சங்கிலி வாங்கும்போது கண்ணிகளின் எண்ணிக்கையையும் சொல்லுங்கள்.

ஸ்ப்ராக்கெட்டில் 7 பற்கள் இருந்தால், 3/8 சங்கிலி ஒரு சுற்றுக்கு 133 மில்லிமீட்டர் நகரும். நிமிடத்துக்கு 10,000 சுற்றில் அது நொடிக்கு 22 மீட்டர். 8 பல் ஸ்ப்ராக்கெட் மாட்டினால் வேகம் கூடும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். வேகம் கூடும் அளவுக்கு இழுவிசை குறையும். கடின மரத்துக்கு 7 பல்லையே வைத்துக்கொள்ளுங்கள். தீட்டும் கோணத்தில் மட்டும் சிறு மாற்றம் செய்யலாம்: மேல்தட்டுக்கு 30 பாகை என்று குறிப்பிட்டிருக்கும் சங்கிலியைக் காய்ந்த கடின மரத்துக்கு 25 பாகையில் தீட்டினால் விளிம்பு தடிப்பாக நின்று நீடிக்கும்.

பேட்டரியா, மின்கம்பியா, பெட்ரோலா?

வீட்டு முற்றத்தில் ஒரே இடத்தில் வைத்துத் துண்டுபோடுபவர்களுக்கு 2 கிலோவாட்டை ஒட்டிய மின்கம்பி செயின்சா நல்ல துணை. சத்தம் குறைவு, புகை கிடையாது. நீட்டிப்புக் கம்பி மெல்லியதாக இருந்தால் மின்னழுத்தம் விழுந்து மோட்டார் சூடேறும். பேட்டரி மெஷின்கள் வெகுவாக முன்னேறிவிட்டன, கிளை கழிப்பதற்கு அருமையானவை. ஆனால் 40 சென்டிமீட்டர் கடின மரத்தைத் தொடர்ந்து அறுத்தால் பேட்டரி சீக்கிரம் தீரும். அந்த வேலைக்குப் பெட்ரோல்தான்.

ஆறாம் படி: எடை, அதிர்வு, எதிர் உதை

விவரத்தாளில் உள்ள எடை பெரும்பாலும் எஞ்சின் பகுதியுடையது மட்டும். 50 சென்டிமீட்டர் பார், சங்கிலி, நிரப்பிய பெட்ரோல், எண்ணெய் எல்லாம் சேர்ந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் கூடும். கடையில் எல்லாம் மாட்டிய நிலையில் தூக்கி, இடுப்பு உயரத்தில் சற்று நேரம் பிடித்துப் பாருங்கள். முன்கைப்பிடியில் தொங்கவிட்டால் மூக்கு நிலத்தை நோக்கிக் குத்திட்டுச் சாயக்கூடாது.

அதிர்வு அளவு மீட்டர்/நொடி² என்று அச்சிட்டிருக்கும். ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி, கையில் ஏறும் அதிர்வு எட்டு மணி நேரச் சராசரியில் 2.5-ஐத் தாண்டினால் அதைக் குறைக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். 5 என்பது தாண்டவே கூடாத எல்லை. ஒரே சக்தியில் இரண்டு மாடல்கள் இருந்தால் அதிர்வு குறைந்ததை எடுங்கள். விரல்கள் மரத்துப்போகத் தொடங்கிய பின் வருந்திப் பயனில்லை.

சக்தி கூடும்போது எதிர் உதையின் வலிமையும் கூடுகிறது. பார் முனையின் மேல் கால்வட்டம் எதிலாவது பட்டால், கண் இமைக்கும் நேரத்தில் பார் அறுப்பவரின் முகத்தை நோக்கி மேலெழும். சங்கிலி பிரேக் இல்லாத மெஷினை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். இருக்கும் பிரேக் வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். செயின்சாவுக்கென்றே நெய்த கால் கவசம், முகத்திரையுள்ள ஹெல்மெட், காதுக்காப்பு, முனையில் எஃகுள்ள பூட்ஸ் ஆகியவற்றின் செலவையும் மெஷினின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். பட்ஜெட் இடிக்கிறதென்றால் ஒரு மாடல் கீழே இறங்கலாம், கவசத்தை விடக்கூடாது.

ஏழாம் படி: வாங்கும் இடத்தில்

பெட்டியில் உள்ள எண்ணை நீங்களே சரிபார்க்கலாம். மில்லிமீட்டரில் உள்ள சிலிண்டர் விட்டத்தின் இருமடியை 0.785-ஆல் பெருக்கி, அதைப் பிஸ்டன் நகரும் தூரத்தால் பெருக்கி, 1,000-ஆல் வகுங்கள். பெட்டி 58 சிசி என்று சொல்ல, குறிப்பேட்டில் விட்டம் 45.2 மில்லிமீட்டர், நகரும் தூரம் 34 மில்லிமீட்டர் என்று இருந்தால் விடை 54.5 சிசிதான் வரும். இதில் ஏமாற்றுகிறவர் எடையிலும் கிலோவாட்டிலும் மட்டும் உண்மை சொல்வார் என்று நம்ப முடியாது. உதிரிபாகமும் பழுதுபார்ப்பவரும் எட்டும் தூரத்தில் கிடைக்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள்.

பழைய தொழில் வகை மெஷின், புதிய மலிவு மெஷினைவிட நல்ல பேரமாக அமையலாம். அதற்கு எஞ்சினின் உள்ளே பார்த்துவிட வேண்டும். எஞ்சின் ஆறியிருக்கும்போது சைலன்சரின் போல்ட்டுகளைக் கழற்றச் சொல்லுங்கள். டார்ச் அடித்து, ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுத்தபடி, புகைவழியில் தெரியும் பிஸ்டனின் பக்கத்தைப் பாருங்கள். உலோகத்தின் மேல் மெல்லிய எந்திர வரிகள் குறுக்காகத் தெரிந்தால் நல்லது. மேலிருந்து கீழாகக் கீறல்கள் ஓடினால், எண்ணெய் கலக்காத பெட்ரோலிலோ மெலிந்த கலவையிலோ எஞ்சின் ஒருமுறை இறுகியிருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். அடுத்து, சுவிட்சை அணைத்து, கயிற்றுப் பிடியில் மெஷினைத் தொங்கவிடுங்கள். அமுக்கம் நன்றாக இருந்தால் தயங்கித் தயங்கி இறங்கும், சரசரவென்று இறங்கினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன. அமுக்கத்தைத் தளர்த்தும் வால்வு உள்ள மாடல் என்றால், அது மூடியிருக்கும்போது இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்.

எட்டாம் படி: முதல் சில டாங்குகள்

தயாரிப்பாளர் 50-க்கு 1 என்று சொன்னால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர் டூ ஸ்ட்ரோக் எண்ணெய். 25-க்கு 1 என்றால் 40 மில்லிலிட்டர். கண்ணளவில் ஊற்றாமல் அளவுக்குவளையில் அளங்கள். ஒரு மாதத்துக்குள் தீரும் அளவே கலந்து வையுங்கள். புதிய எஞ்சினை மரத்தில் வைக்காமல் வெறுமனே முழு வேகத்தில் அலறவிட வேண்டாம்.

புதுச் சங்கிலி முதல் அரை மணிக்குள்ளேயே நீண்டு தொய்யும். ஆறிய பிறகு மறுபடி இறுக்குங்கள். பாரின் அடியில் தொங்காமல், கையால் இழுத்தால் தடையின்றி ஓட வேண்டும். எண்ணெய் வருகிறதா என்று பார்க்க, பார் முனையை வெளிர்நிறக் கட்டை ஒன்றுக்கு மேல் படாமல் பிடித்து எஞ்சினை முடுக்குங்கள். சில நொடிகளில் கட்டையின் மேல் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். எண்ணெய் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு உள்ள மாடல்களில், காய்ந்த கடின மரத்துக்கு அதைச் சற்றுக் கூட்டியே வையுங்கள். சங்கிலி மாற்றும்போதெல்லாம் பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் இரு விளிம்பும் ஒரே சீராகத் தேயும்.